கண் வீங்கிய நாய்க்குக் கைவைத்தியம் பார்க்காதீர்கள்!



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இன்று கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி உங்கள் மேல். மீதிப் பாதி என் மேல்.

முந்தாநாள் இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு படம் போட்டான். அவன் வீட்டு நாய்க்கு வலது கண் பக்கம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தான். அரை மணி நேரத்தில் 11 பதில்கள் வந்தன. நான் எண்ணினேன். 34 வருஷம் தினமும் காலையில் வருகைப் பதிவேடு எடுத்தவள், எண்ணுகிற பழக்கம் போகாது.

தாய்ப்பால் இரண்டு சொட்டு விடு என்றார் ஒருவர். விளக்கெண்ணெய் என்றார் இன்னொருவர். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழி. சுத்தமான தேன் ஒரு துளி விடு. டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் துடை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கண்ணைச் சுற்றிப் பற்றுப் போடு. வீக்கம் வடிய நாம் போடுகிற வலி மாத்திரையில் பாதி கொடு. "நாய்க்கு எல்லாம் தானே சரியாயிடும், சும்மா விடு" என்று இரண்டு பேர். "பிள்ளைகளுக்கு மெட்ராஸ் ஐ ஒட்டிக்கும், முதல்ல வெளியே கட்டு" என்று ஒரு அக்கறைக்காரர். கடைசியாக வந்த பதில் இது: "அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செஞ்சப்ப குடுத்த சொட்டு மருந்து இருக்குமே, அதையே விடு. கண்ணு கண்ணுதானே."

11 பேரில் ஒருவர்கூட "டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்லவில்லை.

அந்தக் கடைசிப் பதிலைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அதைத்தான் நான் எங்கள் மணிக்குச் செய்தேன்.

மணி எங்கள் வீட்டு நாய். கொரோனா ஊரடங்கு நேரத்தில் வாசலில் வந்து படுத்த செவலை நிற நாட்டு நாய்க்குட்டி. என்னிடம் படித்த மணிகளும் மணிகண்டன்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயர் வைத்தது என் பேரன். மணிக்கு இப்போது இடது கண் இல்லை. வீட்டுக்கு வந்த உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள், "என்ன டீச்சர் ஆச்சு?" என்று. "ஏதோ குத்திவிட்டது" என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றரை வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். அது பாதி உண்மை. பாதி உண்மை சொன்னவர்களை நான் வகுப்பில் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இன்று முழுதாகச் சொல்கிறேன்.

ஒரு காலையில் மணி இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்தது. இமை வீங்கியிருந்தது. முகத்தைப் படிக்கட்டில் போய்ப் போய்த் தேய்த்தது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் என் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து பாதி மீதி இருந்தது. திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சந்தேகத்துக்கு ஒரு மருந்துக் கடைக்குப் போன் செய்து கேட்டேன். "நாய்க்கும் போடலாம் டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டேன்.

இரண்டாம் நாள் சிவப்பு குறைந்தது. இமை வீக்கம் வற்றியது. எனக்கு ஒரே பெருமை. குழுவில் படம் போட்டு, "மணிக்குச் சரியாகிவிட்டது, செலவு பூஜ்யம்" என்று எழுதினேன். 14 பேர் கைகூப்பினீர்கள். அந்த 14 பேரும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான்காம் நாள், தண்ணீரில் பால் சொட்டியதுபோல் கண்ணின் நடுவே நீலம் கலந்த வெள்ளை படர்ந்தது. மருந்தை இன்னும் ஒரு வேளை கூட்டினேன். ஐந்தாம் நாள் மணி சாப்பிடவில்லை. ஆறாம் நாள் காலையில் கண் உடைந்து ஏதோ வடிந்திருந்தது. அப்போதுதான் ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் சின்னப் பெண். என் கடைசி வருஷ மாணவிகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். "என்ன மருந்து போட்டீங்கம்மா?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெயரைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பார்வையைக் காப்பாத்த முடியாதும்மா. வலியை நிறுத்தணும்னா கண்ணை எடுத்துடணும்" என்றார். எடுத்தார்கள்.

பிறகு ஒரு தாளில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். நான் உங்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டிய அதே கண் படம்தான். கருவிழிக்கு மேலே கைக்கடிகாரத்துக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான படலம் இருக்கிறதே, கார்னியா, அதன் கனம் நாய்க்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நம் விரல் நகத்தின் கனம். முள்ளோ, பூனை நகமோ, காய்ந்த புல்லோ பட்டால் அதில் கீறல் விழும். மேலோட்டமான கீறல் என்றால், கிருமி சேராமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். மணிக்கும் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

நான் போட்ட மருந்தில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும். அதோடு, புண் மேல் புதுப் படலம் மூடி வளர்வதையும் தடுக்கும். கிருமியை எதிர்க்கிற சக்தியைக் குறைக்கும். புண் உள்ள கண்ணில் அதைப் போட்டால் படலம் கரைந்து ஓட்டை விழக்கூடும். ஆக, நான் இரண்டாம் நாள் பெருமையோடு பார்த்த முன்னேற்றம் முன்னேற்றமே இல்லை. அலாரம் அடிக்கிற ஒயரைப் பிடுங்கிவிட்டு, தீ அணைந்துவிட்டது என்று கைதட்டியிருக்கிறேன். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அதே மருந்து நல்லது செய்ததே? செய்யும். ஆபரேஷன் செய்த டாக்டர் அவர் கண்ணைக் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள், இத்தனை சொட்டு என்று எழுதிக் கொடுத்தது. மருந்து கெட்டதல்ல. பார்க்காமல் போட்ட கைதான் கெட்டது.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றாகவே பதில் சொல்கிறேன்.

"அந்தக் காலத்தில் நாய்க்கு யார் டாக்டர் பார்த்தார்கள்? தானே சரியாகவில்லையா?"

நன்றாக ஞாபகப்படுத்திப் பாருங்கள். நம் சின்ன வயதில் தெருவுக்கு ஒரு ஒற்றைக்கண் நாய் இருக்கும். கண் வெள்ளையாகப் பூத்துப்போன நாய் ஒன்று டீக்கடை வாசலில் படுத்திருக்கும். அதற்குக் குருட்டு நாய் என்று பெயர் வைத்துக் கல் எறிந்தோம். தானே சரியானதன் கணக்கு அதுதான். சரியாகாத நாய்கள் நம்மிடம் வந்து புகார் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அப்படியானால் நம் பாட்டி வைத்தியத்தை இழிவு செய்கிறீர்களா?"

இல்லை. என் அம்மா கைமருந்தில் வளர்ந்தவள் நான். ஆனால் நல்ல சித்த வைத்தியர் எவரும் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து மருந்து சொல்ல மாட்டார். நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், பத்துக் கேள்வி கேட்பார். நீங்கள் அவருடைய மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய பரிசோதனையை விட்டுவிட்டீர்கள். தாய்ப்பாலும் தேனும் பூச்சாறும் கிருமி நீக்கியவை அல்ல. புண்ணான கண்ணில் அவை கிருமியைக் கொண்டுபோய் விடலாம். சுண்ணாம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாய் காலால் முகத்தைத் தேய்க்கும், பற்று கண்ணுக்குள் போகும். சுண்ணாம்பு காரம். கண்ணை வெந்துபோகச் செய்யும்.

"கண் வீக்கம்தானே, அதற்கு ஒரு பொதுவான மருந்து இருக்காதா?"

இங்கேதான் பாடம் நடத்தப் போகிறேன். கணக்கு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விடை 7 என்று மட்டும் சொன்னால், கணக்கு என்னவென்று சொல்வீர்களா? மூன்றும் நான்கும் கூட்டினாலும் 7. பத்தில் மூன்று போனாலும் 7. கண் வீக்கம் என்பது விடை. கணக்கு வேறு வேறு.

தேனீயோ குளவியோ கொட்டினால் சில நிமிஷங்களிலேயே இமையும் மூக்கும் உதடும் சேர்ந்து வீங்கும். சில நாய்களுக்கு மூச்சுத் திணறும், வாந்தி வரும். அப்போது மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் கண் சிவந்து, பாவை விரிந்து, புகை படர்ந்ததுபோல் ஆகும். அதற்கு ஓரிரு நாளில் பார்வை போய்விடும்.

சில நாய்களுக்குக் கண்ணீரே போதுமான அளவு சுரக்காது. கெட்டியான பீளை நூல் நூலாகத் தள்ளும். நாம் தினமும் துடைத்துத் துடைத்து, "பீளை தள்ளுது" என்று மாதக்கணக்கில் ஓட்டுவோம். டாக்டர் ஒரு காகிதப் பட்டையை இமைக்குள் ஒரு நிமிஷம் வைத்துப் பார்ப்பார். நல்ல கண் என்றால் 15 மில்லிமீட்டராவது நனையும். நனையவில்லை என்றால் அதற்குத் தனி மருந்து, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும்.

நாய்க்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, தெரியுமா? கண்ணின் உள் மூலையில் மடங்கி ஒளிந்திருக்கும். அதிலுள்ள சுரப்பி சில குட்டிகளுக்குப் பிதுங்கி, செர்ரிப் பழம்போல் சிவப்பாக வெளியே வந்து நிற்கும். "சதை வளர்ந்துவிட்டது, வெட்டி எடு" என்பார்கள். வெட்டக்கூடாது. கண்ணீரில் கணிசமான பங்கு அந்தச் சுரப்பியில்தான் ஊறுகிறது. அதை உள்ளே வைத்துத் தைப்பதுதான் முறை. வெட்டினால் பின்னாளில் கண் வறண்டுபோகலாம்.

உண்ணி கடித்து வருகிற காய்ச்சலிலும் கண் சிவக்கும், உள்ளே ரத்தம் கசியும். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு டிஸ்டெம்பர் வந்தால் கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகும். அங்கே கண் வெறும் சாளரம்தான், நோய் உடம்பு முழுவதும் இருக்கிறது. கண்ணில் எதை ஊற்றி என்ன பயன்?

மெட்ராஸ் ஐ என்று பயமுறுத்தியவருக்கு: அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிற வைரஸ். நாயின் சிவந்த கண்ணைப் பார்த்தால் அந்த நோய் என்று பொருள் அல்ல. வலியில் இருக்கிற ஜீவனை வெளியே விரட்ட இது ஒரு சாக்கு. வலி மாத்திரை சொன்னவருக்கு: நாம் போடுகிற ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் நாய்க்கு நஞ்சு. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். கண்ணைக் காப்பாற்றப் போய் நாயையே இழப்பீர்கள்.

பெங்களூரில் இருந்துகொண்டு சப்பை மூக்கு பக் நாய் வாங்கியிருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அழகு என்று வாங்கிவிட்டீர்கள். அதன் கண்குழி ஆழமில்லாதது. கண் முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். சிலவற்றுக்குத் தூங்கும்போது இமைகூட முழுதாக மூடாது. மூக்கு மடிப்பு முடி கண்ணில் உரசும். நாட்டு நாய்க்கு ஒரு நாள் பொறுக்கலாமா என்று யோசிப்பதையே நான் தப்பு என்கிறேன். உங்கள் நாய்க்கு அந்த யோசனையே கூடாது.

"எல்லாம் சரி டீச்சர், நாய்க்குப் போய் அவ்வளவு செலவா?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். கீறல் இருக்கிறதா என்று பார்க்க டாக்டருக்குத் தேவை ஒரு சாயக் காகிதம். ஆரஞ்சு நிறம். ஈரத்தில் தொட்டுக் கண்ணில் வைத்துக் கழுவுவார். நல்ல படலத்தில் சாயம் ஒட்டாது. புண் உள்ள இடத்தில் ஒட்டிக்கொண்டு, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். சில நிமிஷ வேலை. "செலவு பூஜ்யம்" என்று எழுதினேனே, கடைசியில் ஆபரேஷன், மயக்க மருந்து, தையல், ஆட்டோ என்று என் ஓய்வூதியத்தில் பெரும் பங்கு போனது. சோம்பல்தான் எனக்கு ஆன பெரிய செலவு.

அரசு கால்நடை மருந்தகங்கள் எதற்கு இருக்கின்றன? வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் இருக்கிறது. ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் 2012-ல் வந்தன. அவற்றோடு சேர்ந்த மருத்துவமனைகளில் நாயும் பூனையும் பார்க்கிறார்கள். நம் வரிப்பணம்தான். ஆனால் நாம் போவதில்லை. சிறு மருந்தகங்களில் அந்தச் சாயக் காகிதமும் தவறாமல் இருக்க வேண்டும் என்று நாம் கேட்டதும் இல்லை. போகாத இடத்தில் எதைக் கேட்பது?

மருந்துக் கடை வைத்திருக்கிற என் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். "நாய்க்குத்தானே" என்று அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். போனில் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது இன்னும் மோசம். எங்கள் மணிக்கு ஆனது.

வீட்டில் எதுவுமே செய்யக்கூடாதா என்றால், இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கண்ணை இறுக்கி மூடுகிறது, தேய்க்கிறது, கண்ணின் நிறம் மாறுகிறது என்றால் அன்றைக்கே டாக்டர். மறுநாள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. தேய்க்க விடாதீர்கள். கழுத்தில் மாட்டுகிற புனல் போன்ற காலர் கடையில் கிடைக்கும். கீறலைக் குழியாக்குவது பெரும்பாலும் நாயின் சொந்தக் கால்தான்.

3. தூசியோ பீளையோ இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். சுண்ணாம்பு, பினாயில், எருக்கம்பால் போன்றவை தெறித்திருந்தால் சலைனைத் தேடிக்கொண்டிருக்காமல் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

4. முள்ளோ குச்சியோ கண்ணில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். கண்ணே வெளியே பிதுங்கிவிட்டால் சலைனில் நனைத்த சுத்தமான துணியை மேலே வைத்து, காயவிடாமல் கொண்டுபோங்கள்.

5. எப்போது தொடங்கியது, ஏற்கெனவே என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்படாதீர்கள், நான் பட்ட வெட்கம் போதும்.

6. பழைய சொட்டு மருந்துகளை இன்றைக்கே எடுத்துக் குப்பையில் போடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்து மனிதருக்கே ஆகாது.

அடிப்படைக் கடமைகள் என்று குடிமையியலில் ஒரு பாடம் நடத்தினேன், நினைவிருக்கிறதா? அரசியல் சாசனத்தின் 51அ பிரிவு. உயிர்களிடம் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று அதில் இருக்கிறது. ஒப்பிக்கச் சொன்னேன், ஒப்பித்தீர்கள். நானும் மதிப்பெண் போட்டேன். கருணை என்றால் பாசமாகத் தடவிக் கொடுப்பது என்று அப்போது நினைத்திருந்தேன். மணியை நான் தடவிக் கொடுத்துக்கொண்டேதான் அந்த மருந்தைப் போட்டேன். பாசம் இருந்தது. பார்க்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்ற அடக்கம்தான் இல்லை.

தம்பி மகன் கதையை முடிக்கவில்லையே. அன்று இரவே அவனுக்குப் போன் செய்தேன். "எதையும் போடாதே, கார்னியாவில் புண்ணாகத்தான் இருக்கும், காலையில் முதல் வேலையாகப் போ" என்று சத்தம் போட்டேன். நேற்றுக் காலையில் போனான். டாக்டர் சாயம் வைத்துப் பார்த்தார். கண்ணில் புண்ணே இல்லை. வாயைத் திறந்து பார்த்தார். மேல் தாடையில் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, வேரில் சீழ் கட்டி, அது கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. எட்டு வயது நாய், எலும்பைக் கடித்து உடைத்துக்கொண்டது போலும். பல்லைப் பிடுங்க நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, கண்ணில் எதை விடலாம் என்று 11 பேர் சண்டை போட்டோம், நோய் பல்லில் இருந்தது. பன்னிரண்டாவதாகச் சொன்ன நானும் தப்பு. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவளுக்கு நாயின் கண்ணைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் சரி, "காலையில் போ" என்றது.

குழுவில் இனி யாராவது இப்படி ஒரு படம் போட்டால், உங்கள் பதில் அந்த ஒரு வரியாக இருக்கட்டும். கைகூப்புவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மணி இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. இடப்பக்கமாகப் போனால் அதற்குத் தெரியாது, திடுக்கிட்டு எழுகிறது. அதனால் வீட்டில் எல்லோரும் வலப்பக்கமாகவே வருகிறோம். நீங்கள் வந்தாலும் அப்படியே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்